கோப்பையில் பேர் இருந்தது, நம்ம நினைப்பில்தான் இல்லை

2025-ல் இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட் தொடருக்கு, பட்டோடி கோப்பைக்குப் பதிலாக ஆண்டர்சன்-டெண்டுல்கர் கோப்பை என்று அறிவித்தார்களே, அப்போது எத்தனை கூச்சல்! பட்டோடியை மறக்கலாமா என்று ஆளாளுக்குப் பொங்கினார்கள். நியாயம்தான். சரி, அதுவரை அதே இங்கிலாந்து இந்தியாவுக்கு வந்து டெஸ்ட் ஆடியபோது எந்தக் கோப்பைக்காக ஆடியது? நான் கேட்ட கிரிக்கெட் பைத்தியங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அந்தோணி டி மெல்லோ கோப்பை. 2024-ல் நாம் 4-1 என்று ஜெயித்தது அதைத்தான்.

யார் இந்த மனுஷர்? 1900-ல் கராச்சியில் பிறந்தவர். 1927-ல் டெல்லி ரோஷனாரா கிளப்பில், எம்.சி.சி. கேப்டன் கில்லிகன், பாட்டியாலா மகாராஜா, கிரான்ட் கோவன் ஆகியோரோடு உட்கார்ந்து, இந்தியாவுக்கென்று ஒரு கிரிக்கெட் வாரியம் வேண்டும் என்று பேசியவர். 1928-ல் வாரியம் பிறந்தது. கோவன் தலைவர், டி மெல்லோ முதல் செயலாளர். நாலே வருஷத்தில், 1932-ல், லார்ட்ஸில் நம் முதல் டெஸ்ட்.

1934-ல் சிம்லா கூட்டத்துக்கு ஒரு கோப்பையின் படத்தை வரைந்து எடுத்துப்போய்க் காட்டினார். பாட்டியாலா மகாராஜா பணம் தர முன்வந்தார். அதுதான் ரஞ்சிக் கோப்பை. அதன் முதல் ஆட்டம் அதே வருஷம் நம்ம சேப்பாக்கத்தில், சென்னையும் மைசூரும் மோத, ஒரே நாளில் முடிந்தது. மும்பையில் இருக்கிறவர்கள் சர்ச்கேட்டில் இறங்கி நடந்தால் வரும் பிரபோர்ன் ஸ்டேடியமும் அவர் முன்னின்று 1937-ல் எழுப்பியதுதான். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அவர் உழைப்பு உண்டு.

அவர் ஒன்றும் உத்தமர் இல்லை. வாரியத் தலைவராக இருந்தபோது, 1949-ல், கேப்டன் லாலா அமர்நாத்தை ஒழுங்கீனம் என்று சொல்லி சஸ்பெண்ட் செய்தார். அந்தச் சண்டை நாறிப்போனது. 1951-ல் பதவியும் போனது. பிடிவாதக்காரர், அதிகாரம் காட்டியவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சண்டை மட்டும் ஞாபகம் இருந்து, கட்டி வைத்ததெல்லாம் மறந்துபோவது என்ன நியாயம்?

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. பிறந்த ஊர் 1947-ல் வேறு நாடாகிவிட்டது. வேலை பார்த்தது டெல்லியில், மைதானம் எழுப்பியது பம்பாயில். 'எங்க ஊர்க்காரர்' என்று கொடி பிடிக்க ஆளில்லை. இங்கே சிலை வைக்கக்கூட சொந்த ஊர் வேண்டியிருக்கிறதே! ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

கிரிக்கெட் வாரியம் இன்று கோடிகளில் புரள்கிறது. அஸ்திவாரம் போட்டவரைப் பற்றி வர்ணனையில் ரெண்டு நிமிஷம் பேசினால் குறைந்தா போய்விடும்? அவர்கள் பேசாவிட்டால் போகட்டும். அடுத்த முறை இங்கிலாந்து இங்கே டெஸ்ட் ஆட வரும்போது, டிவி முன்னால் உட்காரும் நம் பிள்ளைகளுக்கு நாமாவது சொல்லி வைப்போம்.