யாரு வீடுங்க இது?

நான் திண்டுக்கல் மாவட்டத்துக்காரன். பூட்டுக்குப் பேர் போன சீமை. 2019-ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்தாங்க. அப்படிப்பட்ட ஊர்ல பிறந்த நான், கோயமுத்தூர்ல மகள் வீட்டு வாசல்ல, இடுப்புல வேட்டியும் தோள்ல துண்டுமா, உள்ள போக முடியாம நின்ன கதையை இன்னைக்குச் சொல்றேன். கதைக்காக மட்டும் இல்லை. பூட்டுத் திறக்கிற ஆளைக் கூப்பிடறதைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாயிருக்கு. டவுன்ல இருக்கிற உங்களுக்குத்தான் அது அதிகம் உதவும்னு நினைக்கிறேன்.

தை மாசம் வெங்காயம் எடுத்து முடிச்ச கையோட நானும் வீட்டுக்காரம்மாவும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மூணாவது மாடி. மகளும் மருமகனும் வேலைக்குப் போயாச்சு. வீட்டுக்காரம்மா கீழே காய்காரர்கிட்ட நிக்கிறேன்னு போனவ, அப்படியே கோயிலுக்குப் போயிட்டா. நானும் பேரனும்தான் வீட்டுல. அவனுக்கு மூணரை வயசு. குப்பைக் கூடையை வெளிய வைக்கலாம்னு நான் ரெண்டு அடி எடுத்து வச்சேன். பால்கனிப் பக்கமிருந்து ஒரு காத்து. டப்புனு கதவு சாத்திக்கிச்சு.

எங்க ஊர்ல கதவு சாத்தினா சாத்தினதுதான், பூட்டினாத்தான் பூட்டினது. இங்க அப்படி இல்லை. சாத்தினாலே பூட்டிக்கும். சாவி உள்ள, போன் உள்ள, சட்டை உள்ள. பேரன் உள்ள. பால்கனிக் கதவு திறந்து கிடக்கு, அங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கிடக்கு. அந்த நாற்காலி ஞாபகம் வந்ததும் எனக்குக் கால் நடுங்கிப் போச்சு.

எதிர் வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு, வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை. "உங்க டாட்டர் நம்பர் சொல்லுங்க அங்கிள்"னு கேட்டுச்சு. எனக்குத் தெரியலை. இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க கூட்டுறவு சங்கத்துல இருந்த டெலிபோன் நம்பர் இன்னைக்கும் மனப்பாடம். பெத்த மகள் நம்பர் தெரியாது, போன்ல பேரைத் தொட்டுத்தான் பழக்கம். கடைசியில வாட்ச்மேன் நோட்டுல மருமகன் நம்பர் கிடைச்சு, அவங்க கிளம்பிட்டாங்க. வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம்.

அந்தப் பொண்ணு போன்ல தேடி, பூட்டுத் திறக்கிற ஒரு ஆளைக் கூப்பிட்டுச்சு. போன்ல 350 ரூபாய்னு சொன்னார். நான் கதவுக்குக் கீழ உட்கார்ந்து, பேரன் வேற பக்கம் போயிடக் கூடாதுன்னு கதை சொல்லிக்கிட்டே இருந்தேன். எங்க காராம்பசு கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்த கதையை நாலு தடவை சொல்லியிருப்பேன். அவனும் உள்ளே இருந்து "அப்புறம் தாத்தா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.

அரை மணி நேரத்துல அந்த ஆள் வந்தார். பூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "இது சாதாரணமாத் திறக்காது சார். டிரில் போட்டு உடைச்சு, புதுப் பூட்டு மாத்தணும். 4,500 ஆகும்"னார். பணமா முக்கியம், சரின்னேன். டிரில்லைக் கதவுல வச்சு ஓட்டினார் பாருங்க, அந்தச் சத்தத்துல பேரன் அலறிட்டு ஓடிட்டான். "அப்புறம் தாத்தா"ங்கிற குரல் நின்னு போச்சு. பால்கனிக்குத்தான் ஓடினானோன்னு எனக்கு உசுரே போயிடுச்சு. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் அழுதுக்கிட்டே கதவுகிட்ட வந்தான்.

அந்த நேரத்துல வாட்ச்மேன் ஒரு பெரியவரை பைக்ல உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டார். தெரு முனையில குடை நிழல்ல சாவிக்கொத்தைத் தொங்க விட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அந்த மாதிரி ஆளு. வந்தவர் முதல்ல பூட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாரு வீடுங்க இது?"

"என் மக வீடு."

"நீங்க யாருங்க?"

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. "உள்ள குழந்தை அழுகுது, உனக்குக் காது கேக்கலையாய்யா?"ன்னு மரியாதை இல்லாமப் பேசிட்டேன். அவர் குரலை உயர்த்தாம, "கேக்குதுங்க. அதனாலதான் கேக்கறேன்"னார்.

எதிர் வீட்டுப் பொண்ணைப் பார்த்து, "அம்மிணி, இவரை உங்களுக்குத் தெரியுமா?"ன்னார். அது பாவம், உண்மையைச் சொல்லிடுச்சு. "இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன்"னு. அப்ப நான் எப்படி இருந்திருப்பேன்னு நினைச்சுப் பாருங்க. சட்டை இல்லாத ஒரு ஆளு, அடையாளம் காட்ட ஒண்ணும் கிடையாது, உள்ளே ஒரு குழந்தை அழுகுது. கடைசியில வாட்ச்மேன் போன்ல மகளை முகம் தெரியுற மாதிரி கூப்பிட்டு, அவ "அதான் எங்கப்பா, திறங்கய்யா"ன்னு அழுத பிறகுதான் பையைத் திறந்தார்.

அப்புறம் எட்டே நிமிஷம். உடைக்கலை, துளைக்கலை. சாவி போட்டுப் பூட்டியிருந்தா வேற வேலை, இது காத்துல சாத்தினது, வெறும் ஸ்பிரிங் நாக்கு மட்டும்தான் பிடிச்சிருக்குன்னார். கதவைத் தோளால லேசா அழுத்திக்கிட்டு, காதை வச்சுக் கேட்டுக்கிட்டே ஏதோ செஞ்சார். கதவு திறந்துச்சு. பேரன் செருப்பு ஸ்டாண்டுகிட்ட மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தான்.

600 ரூபாய் கேட்டார். இதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. பேரனைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டே, "எட்டு நிமிஷ வேலைக்கு அறுநூறா?"ன்னு வாயில வந்துடுச்சு. அவர் சாமானைப் பையில போட்டுக்கிட்டே, "உடைச்சுத் திறந்திருந்தா குறைச்சுக் கேப்பேங்க"ன்னார்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல கத்தரிக்காய் மூட்டையோட நிக்கும்போது என்கிட்ட எத்தனை பேர் பேரம் பேசியிருப்பாங்க. நாத்து விட்ட நாள்ல இருந்து நூறு நாள் பட்ட பாடு அவங்க கண்ணுக்குத் தெரியாது, தராசுல இருக்கிறது மட்டும்தான் தெரியும். அதே தப்பை நான் செஞ்சேன். முதல்ல வந்தவர் அரை மணி நேரம் டிரில் போட்டிருந்தா 4,500 கொடுத்திருப்பேன், சத்தமும் தூசியும் பார்த்து ரொம்பக் கஷ்டமான வேலைன்னு நம்பியும் இருப்பேன். சத்தமில்லாமச் செஞ்சதால பெரியவர் வேலை மட்டமாத் தெரிஞ்சுது.

ஆனா கூலியை விட எனக்கு அந்தக் கேள்விதான் பெருசாப் படுது. முதல்ல வந்தவர் யாரு வீடுன்னு கேக்கவே இல்லை. எனக்காக டிரில்லை எடுத்தவர் நாளைக்கு யார் கூப்பிட்டாலும் அதே கதவுல அதே டிரில்லை வைப்பார். உங்களுக்கு அவசரம்னா அவர் கேக்காதது வசதியாத்தான் இருக்கும். ஆனா நீங்க ஊர்ல இல்லாத நாள்ல உங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் நின்னு, "சாவி தொலைஞ்சு போச்சு"ன்னு போன் பண்ணினா? அன்னைக்கு உங்களுக்குக் காவல் அந்தப் பூட்டு இல்லை. பூட்டைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் கேக்கிற கேள்விதான். கேள்வி கேட்டு இருக்கிற ஆளை, ஆதார் காட்டுன்னு சொல்ற ஆளை, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுன்னு சொல்ற ஆளைக் கோபிச்சுக்காதீங்க. அந்த மாதிரி ஆள் நம்பரை எழுதி வச்சுக்கோங்க. அவசரத்துல தேடினா கூவுறவன்தான் முதல்ல கிடைப்பான்.

எங்க ஊர்ல இந்தத் தொல்லை இல்லைன்னு பெருமை பேச வரலை. எங்க வீட்டுச் சாவி எரவாணத்துல இருக்கும்னு ஊருக்கே தெரியும், திருடனுக்கும் தெரியும். தோட்டத்து மோட்டார் ரூம் சாவி தொலைஞ்சா நாங்க ஆளையும் தேடறதில்லை. கடப்பாறையை எடுத்து ஒரே நெம்பு. அப்படி நானே ஒரு நல்ல திண்டுக்கல் பூட்டை நாசம் பண்ணியிருக்கேன், எங்கப்பா வாங்கின மாங்காய்ப் பூட்டு. உள்ளே பித்தளை லீவர் தகடு ஒவ்வொண்ணையும் கையால அரம் போட்டு, சாவிக்குத் தக்கன சேர்த்திருப்பாங்க. ஒரு சாவி இன்னொண்ணுக்குச் சேராது. உடைச்ச பிறகு அதை டவுனுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். கடைக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். பூட்டைக் கொண்டு வந்திருந்தா வெறும் சாவித் தகட்டை உள்ள விட்டுத் திருப்பி, தடம் பட்ட இடத்துல ராவி ராவியே புதுச் சாவி செஞ்சு கொடுத்திருப்பேன்னார். அப்படி வேலை தெரிஞ்சவங்க திண்டுக்கல்லயே இப்போ குறைஞ்சுக்கிட்டு வர்றாங்க. மெஷின்ல வர்ற மலிவுப் பூட்டோட போட்டி போட முடியலை, பிள்ளைங்களும் அந்தத் தொழிலுக்கு வர்றதில்லை. விவசாயம் மாதிரியேதான்.

இன்னொண்ணு, இது நான் செஞ்ச தப்பு. உள்ளே குழந்தையோ, வயசானவங்களோ, எரியுற அடுப்போ இருந்தா முதல்ல கூப்பிட வேண்டியது பூட்டுக்காரரை இல்லை. 101, இல்லேன்னா 112. தீயணைப்புத் துறைக்கு மீட்புப் பணியும் வேலைதான், தீப்பிடிச்சாத்தான் வரணும்னு இல்லை. பால்கனி திறந்து கிடக்குன்னு தெரிஞ்சும் எனக்கு அது தோணலை. பதட்டத்துல புத்தி வேலை செய்யாது, அதனால இப்பவே சொல்லி வைக்கிறேன். மாத்துச் சாவி ஒண்ணு எதிர் வீட்டுல இருந்தா இந்த ரெண்டு பேருமே தேவைப்பட்டிருக்காது. மகள்கிட்டச் சொன்னேன். "அவங்களை அவ்வளவா பழக்கம் இல்லப்பா"ன்னா. நாலு வருஷமா எதிரெதிர் கதவு. இப்போ கொடுத்து வச்சிருக்கா, அந்தப் பொண்ணும் அவங்க சாவியை இங்க கொடுத்திருக்கு. கதவுக்கு அடியில சொருக நான் ஒரு தென்னை மட்டைத் துண்டைச் செதுக்கிக் கொடுத்துட்டு வந்தேன். பார்க்க நல்லாயில்லைன்னு மருமகன் கடையில ரப்பர் கட்டை வாங்கிட்டார். ரெண்டும் கிடக்கு.

போன வாரம் ஊர்ல இருந்து மகளுக்கு வெங்காயம் அனுப்பினப்போ, பெரியவருக்கும் ரெண்டு கிலோ தனியாக் கட்டிக் கொடுத்து விட்டேன். வாட்ச்மேன்தான் கொண்டு போய்க் கொடுத்தார். யாரு கொடுத்து விட்டது, எதுக்குன்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் பையை வாங்கினாராம்.