சோறு போட்டவர்களும் பெயர் பொறித்தவர்களும்

எங்கள் தொண்டூருக்கு யாரும் சுற்றுலா வருவதில்லை. வருகிறவர்கள் செஞ்சியோடு நின்றுவிடுகிறார்கள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. ராஜகிரி ஏறி, படம் எடுத்துக்கொண்டு, திரும்பிவிடுகிறார்கள். கல்விக்குக் கொடை கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் கோட்டையைவிட எங்கள் ஊர்ப் பாறைக்கு வருவது நல்லது.

இங்கே சமணர் கற்படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து, ஏறக்குறைய 1700 ஆண்டுப் பழமை. ஒருவர் சொல்ல, அகழூரைச் சேர்ந்த மோசி இந்த இருக்கையைச் செய்தார் என்பது செய்தி. சொன்னவர் பெயரோடு செய்தவர் பெயரும் கல்லில் இருக்கிறது. இன்றைய கல்லூரித் திறப்பு விழாக் கல்வெட்டில் கொத்தனார் பெயரைத் தேடிப் பாருங்கள்.

சோழர் காலக் கல்வெட்டு ஒன்றும் தொண்டூருக்கு உண்டு. விண்ணகோவரையன் வயிரி மலையன் என்ற தலைவன் ஒரு ஊரையும், தோட்டத்தையும், கிணற்றையும் சமணப் பள்ளிக்குக் கொடுக்கிறான். யாருக்கு என்பதுதான் முக்கியம். வச்சிரசிங்க இளம்பெருமானடிகளுக்கும் அவருடைய மாணாக்கருக்கும். கட்டடத்துக்கு இல்லை, ஆசிரியருக்கும் படிக்கிறவர்களுக்கும், அவர்கள் சாப்பிட. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கும் எண்ணாயிரத்திலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், 45 வேலி நிலம். ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நாழி நெல் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தது வேதம். அதனால் யார் படித்தார்கள், யார் வாசலுக்கே வர முடியாது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதே வட்டாரத்தில் வேறொரு கல் இருக்கிறது. வந்தவாசிப் பக்கம் வேடல். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி, ஆதித்த சோழன் காலம். கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியர், அவரிடம் 500 மாணவியர். இன்னொரு துறவியர் கூட்டத்தோடு இவர்களுக்குப் பிணக்கு வந்தபோது, குரத்தியாரையும் மாணவியரையும் காப்பாற்றிச் சோறு போடும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள். அரசன் கொடுத்த கொடை இல்லை இது. அந்த ஊர் விவசாயிகள் ஏற்றுக்கொண்ட கடமை. ஐந்நூறு பெண்களின் படிப்புக்கு ஒரு கிராமமே சோறு போட்ட வட்டாரத்தில், ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு’ என்று கேட்பவர்கள் அதை மரபு என்று சொல்லிக்கொள்கிறார்கள். எந்த மரபு?

இந்தக் கற்களிடம் நான் கற்றுக்கொண்ட ஒன்றே ஒன்று: படிப்புக்குத் தருவது என்றால் படிக்கிறவளின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பேருந்துக்கும் தருவது. நம் காலத்துக் கொடையாளர்களுக்கு இதுதான் பிடிப்பதில்லை. சோறு தின்றால் தீர்ந்துபோகிறது; பெயர் பொறிக்க அதில் இடமில்லை.

பெரிய கொடைகளை நான் இகழவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்தது. 2024இல் சென்னை ஐஐடிக்கு அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி கொடுத்தார். அதில் உதவித்தொகையும் ஆய்வு மானியமும் அடக்கம், நல்லதுதான். ஆனால் இந்தப் பணம் போகும் பாதையைக் கவனியுங்கள். ஐஐடியில் படித்தவர் ஐஐடிக்குக் கொடுக்கிறார். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் படித்தவள் நர்ஸாகவோ, டீச்சராகவோ, வீட்டோடோ இருக்கிறாள். அவளிடம் கோடி இல்லை. தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்ததே 1989இல், அதுவும் அப்போது கல்யாணமாகாத மகளுக்கு மட்டும். சொத்து இல்லாதவள் எதை எழுதிவைப்பாள்? கொடையாளர் பலகைகளில் பெண் பெயர் பெரும்பாலும் ‘இன்னாரின் தாயார் நினைவாக’ என்றுதான் வருகிறது.

பெண்கள் கொடுத்ததே இல்லையா என்றால், கொடுத்திருக்கிறார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியும், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் நிலைத்து நின்றதில் அமெரிக்கச் சபைப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக 1920களின் தொடக்கத்தில் நிதி திரட்டினார்கள். நீங்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நிதியம். லூசி பீபாடி போன்றவர்கள் ஊர் ஊராகப் பேசி, பெண்களிடம் டாலர் டாலராகச் சேர்த்து அந்தத் தொகையைத் திரட்டிக் காட்டினார்கள். மதம் பரப்பும் நோக்கம் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் முகம் தெரியாத பெண்களின் சில்லறைப் பணத்தில் நம் பெண்கள் டாக்டரானார்கள். அந்தச் சில்லறைக்கு எந்தக் கட்டடத்திலும் பெயர் இல்லை.

இப்போது நம்மூர் அறக்கட்டளைக்கு வருவோம். நான் ஆய்வு செய்தது செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை உடைக்கும் பெண்களின் கூலி பற்றி. ஒரு அறக்கட்டளை (பெயர் வேண்டாம்) ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. அதை வாங்க மேடையில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கட்டாயம் புடவை. கதவு உயரத்துக்கு அட்டையில் செய்த காசோலை, அதைப் பிடித்தபடி ஒரு புகைப்படம். விண்ணப்பத்தோடு ‘ஒழுக்கச் சான்று’ வேறு. பையன்களுக்கும் உண்டு, ஆனால் அவர்களிடம் யாரும் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டதில்லை. இரண்டாம் ஆண்டு எனக்குக் கல்யாணமானது. செயலாளர் ரொம்ப அன்பாகச் சொன்னார்: “இனிமே உங்க வீட்டுக்காரர் பாத்துப்பாரேம்மா. வேற புள்ளைக்குப் போகட்டும்.” அதே ஆண்டு கல்யாணமான ஆய்வு மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை தொடர்ந்தது. அவருக்குக் குடும்பச் செலவு கூடிவிட்டதாம்.

இதை ஒருவரின் குணக்கேடு என்று சிலர் சுருக்கிவிடுவார்கள். அப்படியில்லை. தானத்தின் இலக்கணமே அப்படி. கொடுப்பவர் அப்பா, வாங்குபவள் மகள். கல்யாணமானால் மகள் கைமாறுகிறாள், தானமும் நின்றுவிடுகிறது. அரசு கொடுப்பதிலும் இந்த வாடை அடிக்கும். தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் என்று மாற்றியதை நான் கைதட்டி வரவேற்கிறேன். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயரை இத்தனை காலம் தாலியில் கட்டி வைத்திருந்தோம். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு சாவித்திரிபாய் புலே பெயரில் தரும் ஆய்வு உதவித்தொகையைப் பாருங்கள். வீட்டில் ஒரே குழந்தையாக இருக்கும் பெண்ணுக்குத்தான் அது. மூன்று தங்கைகளோடும் ஒரு தம்பியோடும் பிறந்த எங்களூர்ப் பெண், அப்பா அம்மா பெற்ற கணக்குக்காக வாசலிலேயே நிற்க வேண்டும்.

நன்றி சொல்லக் கற்றுக்கொள் என்கிறார்கள். யாருக்கு? பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். தனிநபர் கொடைக்கு வரிக் கழிவு இருக்கிறது. அப்படி விட்டுக்கொடுத்த வரி பொதுப்பணம். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற, மல்லாட்டை உடைக்கிற அந்தப் பெண்களின் பணமும் அதில் இருக்கிறது. அவர்களின் கூலியை ஆராய எந்தக் கொடையாளர் இருக்கை நிறுவினார்? பணம் கொடுப்பவர் தலைப்பையும் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை.

எங்களூரிலிருந்து போய்ச் சென்னையில் நன்றாக இருக்கும் பெரியவர் ஒருவர், அம்மா பெயரில் ஒரு கல்லூரிக்கு நுழைவு வளைவு கட்டித் தரப் போகிறார். 25 லட்சம். என்னிடம் கல்வெட்டு வாசகம் எழுதித் தரச் சொன்னார். நான் கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம். மாதம் பதினான்காயிரத்து ஐந்நூறுக்கு மேல். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேறாத ஆய்வு மாணவர்களுக்கு மாதம் 8000 தருகிறார்கள், 2012இலிருந்து அதே தொகை. மாநிலப் பல்கலைக்கழகத்துப் பெண்களில் பலருக்கு அதுவும் கிடையாது. இவர் பணத்தில் ஒரு பெண் முழுதாக ஆய்வு முடிக்கலாம், பிறகு அடுத்தவள். நிபந்தனைகளையும் எழுதினேன். கல்யாணமானாலும் நிற்கக் கூடாது. பிரசவத்துக்கு 240 நாள் விடுப்பு என்று மானியக் குழுவின் 2022 விதி சொல்கிறது. அந்த நாட்களுக்கும் பணம் வர வேண்டும். தலைப்பில் அறக்கட்டளை தலையிடக் கூடாது. மேடை கிடையாது, நேராக வங்கிக் கணக்குக்கு.

படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், “அம்மா பேர எங்கம்மா போடறது?”

உதவித்தொகைக்கே அம்மா பெயரை வைக்கலாம், ஒவ்வொரு ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் அச்சாகும் என்றேன். அவருடைய அம்மா மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். களத்தில் மல்லாட்டை உடைத்து இவரைப் படிக்க வைத்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“மேஸ்திரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டனேம்மா” என்றார்.

எவ்வளவு என்று கேட்டேன். ஐம்பதாயிரம். கடைக்கால் இன்னும் தோண்டவில்லை. வருகிற வாரம் மேஸ்திரியை நான் பார்க்கப் போகிறேன்.