டங்ஸ்டன் ஏன் விரிசல் விடுகிறது?

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரம் நிற்கும் ஈயக்கப்பலைப் பார்த்தவர்கள் ஈயத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு திரும்புவார்கள். 1938-இல் கட்டி 1982 வரை ஓடிய கப்பல், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பகுதியான கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணில் ஈயம் தனியாகக் கிடக்கவில்லை. கழுவியபின் மிஞ்சிய அமாங் என்னும் கழிமணலிலும், பினாங்கு, பட்டர்வொர்த் உலைகள் ஒதுக்கிய கசடிலும் நியோபியமும் டான்டலமும் இருந்தன. அந்தக் கசடையே பிறகு டான்டலத்துக்காக விலைகொடுத்து வாங்கினார்கள். ஈப்போ பக்கம் கிராமாட் பூலாயில் டங்ஸ்டன் தாது வெட்டினார்கள்.

ஈயம், அதாவது வெள்ளீயம், 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். நியோபியத்துக்கு 2,477, டான்டலத்துக்கு 3,017, டங்ஸ்டனுக்கு 3,422 வேண்டும். இவற்றையும் பிற உலோகங்களையும் பொடியாகப் பரப்பி, லேசரால் அடுக்கடுக்காக உருக்கி உறுப்பு செய்வது முப்பரிமாண அச்சில் ஒரு வகை. விலைகூடிய உலோகம் வீணாகாது என்பதே ஈர்ப்பு. இஸ்ரோ பிஎஸ்4 ராக்கெட் எஞ்சினை இப்படிச் செய்து 2024 மே மாதம் மகேந்திரகிரியில் 665 வினாடி ஓட்டிப் பார்த்தது. 565 கிலோ மூலப்பொருள் கேட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமாயிற்று.

உருக்குவதுதான் கடினம் என்று பலரும் நினைக்கிறார்கள். குவித்த லேசருக்கு டங்ஸ்டனும் உருகும். தொல்லை தொடங்குவது உறையும்போது. சூடு கீழடுக்குக்குள் இறங்குவதால் படிக மணிகள் அதற்கு எதிராக, மேல்நோக்கி நெடுந்தூண்களாக வளர்கின்றன. பொடியோடு வந்த துளி ஆக்சிஜனுக்கு மணிக்குள் இடமில்லை. அது மணிகளின் எல்லைகளில் போய்ச் சேர்ந்து பிடிப்பைத் தளர்த்துகிறது. குளிரும் உலோகம் சுருங்கி இழுக்கிறது. சில நூறு பாகைக்குக் கீழே டங்ஸ்டன் வளைந்துகொடுக்காது. மூங்கில் நார்வாக்கில் பிளப்பதுபோல அந்த எல்லை வழியே விரிசல் விடுகிறது.

டான்டலத்திலும் தூண் மணிகள்தான். ஆனால் அது அறை வெப்பத்துக்கு வெகு கீழேயும் இழுபடும்; ஆகவே பெரும்பாலும் விரிசலின்றி அச்சாகிறது. உருகுநிலையை மட்டும் வைத்து ஓர் உலோகம் அச்சுக்குப் படியுமா என்று கணிப்பது வீண் வேலை.

மருந்து இரண்டு வகை. வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றையால் உருக்கினால் பொடிப்படுகையை ஆயிரம் பாகை அளவில் வைத்திருக்கலாம். டங்ஸ்டன் நொறுங்கும் வெப்பத்துக்கு இறங்குவதற்குள் இழுப்பு தணிந்துவிடும். அல்லது கலவையை மாற்றலாம். இதே தொல்லை உள்ள மாலிப்டினத்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவான கார்பனைச் சேர்த்து, அச்சிடும் அடித்தட்டையும் முன்பே சூடேற்றி, விரிசலில்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள். எல்லையில் சேரவேண்டிய ஆக்சிஜனின் இடத்தைக் கார்பன் பிடித்துக்கொள்கிறது. அச்சிட்டபின் சூடும் அழுத்தமும் கொடுத்தால் உள்துளைகள் மூடும். மேற்பரப்பு வரை வந்த விரிசல் மூடாது.

அச்சிட்ட உறுப்பின் வலிமை என்று ஒரே ஓர் எண்ணை யாராவது நீட்டினால், அடுக்கு எழுந்த திசையில் இழுத்ததா, குறுக்கே இழுத்ததா, ஆக்சிஜன் எவ்வளவு என்று கேளுங்கள். தூண் மணிகள் உள்ள உலோகத்தில் இரண்டு திசைக்கும் இரண்டு விடை வரும்.