வாய்க்கால் திறந்தால் கொடுவா வரும்

காவிரி டெல்டாவின் தென்கோடியில் உழவு செய்கிறீர்களா? உங்கள் வயலின் வடிகால் நீர் கடைசியில் எங்கே போகிறது என்று பாருங்கள். பாமணியாறு, கோரையாறு வழியாக அது முத்துப்பேட்டைக் காயலில் சேர்கிறது. அங்குள்ள அலையாத்திக் காடுதான் கொடுவா, மடவை, இறால் ஆகியவற்றின் நாற்றங்கால்.

தூண்டில்காரரும் வலைக்காரரும் ஒருங்கே தேடும் கொடுவா, முகத்துவாரத்தை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகள் ஓதத்தோடு காயலுக்குள் வந்து, அலையாத்தியின் மூச்சுவேர்களுக்கு இடையே ஒளிந்து, இரை தேடி வளரும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும் மீன் இது. குஞ்சுகள் அழிந்தால் பின்னாளில் தாய்மீன் இருக்காது.

ஆங்கிலேயர் காலத்தில் காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து தாழ்ந்தது. பள்ளங்களில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு ஏறியது. அங்கே கன்று நட்டால் பிழைக்காது. எனவே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதநீர் வந்து போகத் தொடங்கி உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரம் நட்ட கன்றுகள் காடாயின. உவர் நிலத்தில் வடிகால் எடுத்து உப்பைக் கழுவும் உங்களுக்கு இந்த முறை புதிதல்ல.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைச் சிதைத்தது. இத்தகைய இழப்புக்குப் பின் எத்தனை கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்வது எளிது. விரிவாக்கப் பணியாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, நீர் ஓடுகிறதா? தூர் வாராவிட்டால் பள்ளத்தில் மீண்டும் உப்பு ஏறும். நட்ட கன்றும் கருகும்.

விவசாயிகளின் பங்கும் இதில் உண்டு. செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனையும் இறாலையும் கொல்லும். மருந்து தெளித்தவுடன் வயல் நீரை வடிக்காதீர்கள். மழை வரும்போல் இருந்தால் தெளிப்பைத் தள்ளிப்போடுங்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள்.

பருவமழையில் வடியும் நீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்கிறோம். கடைமடைக்குத் தண்ணீர் போதாத வருத்தம் நியாயமானது. ஆனால் காயலின் உப்பைத் தணித்து மீன்குஞ்சுகளை வளர்ப்பது அந்த நன்னீர்தான். அது நஞ்சில்லாமல் போய்ச் சேர்வது நம் கையில் இருக்கிறது.