வண்டித்தடத்துக்காரனும் நானும் ஒரே டியூப்பில்

"உங்களுக்கென்னங்க, தோட்டத்துல குடியிருக்கீங்க, தினமும் பிக்னிக் தானே" என்று டவுனிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மோட்டார் தண்ணியில் குளிப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், நாலு போட்டோ எடுத்துக்கிட்டு பொழுது சாய காரை எடுத்துவிடுவார்கள். அவங்களுக்கு அது பிக்னிக் தான், தப்பில்லை. அவங்க குளிக்கிற நேரம் பூரா எனக்கு காது பைப்புக்கிட்டயே நிக்கும். தண்ணியோட காத்து கலந்து வருதா, போர்ல தண்ணி எறங்கிப் போச்சா, த்ரீ பேஸ் எத்தனை மணிக்குப் போகும், இதுதான் மனசுல ஓடும். தண்ணிய வேடிக்கை பாக்கறதுங்கறது எங்களுக்கு இல்லாத பழக்கமுங்க.

அப்படிப்பட்ட நான் போன சித்திரையில, 55 வயசுல, கூடப் படிச்ச நாலு பேரோட ஒரு தண்ணி பார்க்குக்குப் போயிட்டு வந்தேன். கோயமுத்தூர் பக்கம் தான். பேரு வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆயிடும்.

ஊர்ல சிரிச்சாங்க. டீக்கடையில ஒருத்தர், "பேரன் பேத்திய கூட்டிட்டுப் போனாலும் ஒரு அர்த்தம் இருக்குது, நரைச்ச கழுதைக அஞ்சும் போயி சறுக்கி விளையாடுச்சாமா" என்றார். இதே அஞ்சு பேரும் பழனிக்கு நடந்து போயிருந்தா பயபக்தின்னு சொல்லுவார். பைபாஸ் பக்கம் உக்காந்து குடிச்சுப்போட்டு வந்திருந்தா ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டார். அம்பது வயசு ஆம்பளைக கூடறதுக்கு எங்க ஊர்ல மூணே எடம் தான்: கல்யாணம், எழவு, சாராயக்கடை. வெளையாடறதுக்குக் கூடினா அது மானக்கேடு. இது எனக்கு ஒத்துக்கவே இல்லீங்க.

இந்த ஆசை இன்னைக்கு வந்ததில்லை. 1995-ல தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தாங்க. 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பிச்சது. அப்ப எங்களுக்கு இருபத்தஞ்சு வயசு. ரயிலேறிப் போயி பாத்துட்டு வந்துடலாம்னு பேசினோம். ஒருத்தனுக்குக் கல்யாணம் வந்துது, எங்கப்பாவுக்கு ஒடம்பு முடியாம போச்சு, இன்னொருத்தன் கெணறு ஆழப்படுத்தினான். முப்பது வருசம் ஆயிப்போச்சு. போன வருசம் லாரிய வித்துட்டு வீட்டோட உக்காந்த மாப்ள தான், "இனியும் போகலைன்னா நாலு பேரு தூக்கிட்டுத்தான் போவாங்க" என்று வேன் பிடிச்சான்.

வேன்ல ஏறுனப்பறம் தான் பாத்தேன், பின் சீட்டுல என் பங்காளி உக்காந்திருக்கான். மாப்ள எங்க ரெண்டு பேருக்கும் சொல்லாமயே கூப்பிட்டிருக்கான்.

இதக் கொஞ்சம் சொல்லியாகணும். எங்க பாட்டன் ஒருத்தர் தான். ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே கூட்டுக்கெணறு. அவங்கப்பா தான் எங்க ரெண்டு பேருக்கும் இடுப்புல சுரைப்புருடையக் கட்டி, மேல இருந்து தள்ளிவிட்டு நீச்சல் கத்துக்குடுத்தாரு. முறை வெச்சு தண்ணி பாய்ச்சுவோம். உன் முறை எப்ப முடியுது, என் முறை எப்ப ஆரம்பிக்குதுன்னு பிடிக்குதோ பிடிக்கலையோ தினமும் பேசியாகணும். 2003 வறட்சியோட அந்தக் கெணறு வத்திப்போச்சு. நான் 850 அடியில ஒரு போர் போட்டேன், அவன் 1,100 அடியில ஒண்ணு போட்டான். அப்பறம் பேச வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. வண்டித்தடத்துல அவன் கம்பி வேலி நட்டப்ப, நேர்ல போயி கேக்கற பழக்கம் விட்டுப்போயிருந்ததால நான் வக்கீல் வீட்டுக்குப் போனேன். எட்டு வருசமா கேஸு நடக்குது. எட்டடித் தடம். அவங்கம்மா, எனக்குப் பெரியம்மா, அந்தக் கையில சோறு தின்னு வளந்தவன் நான். அவங்க செத்ததுக்கு சுடுகாடு வரைக்கும் போயிட்டு, அந்த வீட்டு வாசப்படி மிதிக்காம திரும்பி வந்தேன்.

வேன்ல அவன் சன்னலப் பாத்தான், நான் ரோட்டப் பாத்தேன்.

டிக்கெட்டு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். பாலு லிட்டரு 35 ரூவான்னா முப்பது லிட்டரு. என் மாடு நாலு நாள் கறக்கணும். மனசு அதத்தான் மொதல்ல கணக்குப் போட்டுது. உள்ள லுங்கி, வேட்டி ஆகாதுன்னு நைலான் டவுசரு வாடகைக்குக் குடுத்தாங்க. அஞ்சு பேரும் சட்டையக் கழட்டிட்டு நின்னப்ப ஒருத்தரை ஒருத்தரு பாக்க சிரிப்பு தாங்கல. பனியன் மறைச்ச எடம் மட்டும் வெளுப்பு, கையும் கழுத்தும் கரிக்கட்டை. பனியன் போட்டுக்கிட்டே நிக்கற மாதிரி இருந்துது.

அலைக் குளத்துக்கு முன்னால நான் நின்னுட்டேன். அவ்வளவு தண்ணி. சங்கு ஊதுது, அலை வருது, ஜனங்க கத்துது. எனக்கு வயித்தெரிச்சல் தான் மொதல்ல வந்துது. பக்கத்துல விசிலோட நின்ன ஒடிசாப் பையன்கிட்ட, "தண்ணி தெனமும் மாத்துவீங்களா கண்ணு?" என்றேன். "இல்ல அங்கிள், பில்டர் போட்டு அதே தண்ணி தான்" என்றான்.

வீட்டுக்கு வந்து சாவகாசமா கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரா நெலத்துல ஒரு அங்குலம் தண்ணி நிக்கணும்னாலே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல வேணும். கரும்புக்கு ஒரு பயிருக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்குத் தேவைப்படும். ஏக்கராவுக்குப் பாத்தா 80 லட்சம் லிட்டரு. ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒண்ணுக்கே 25 லட்சம் லிட்டரு தான் பிடிக்கும். அதாவது நான் வாய்க்கால்ல விட்டுப் பாய்ச்சின ஒரு ஏக்கரா கரும்புக்கு மூணு ஒலிம்பிக் குளம் போயிருக்குது. குளத்துத் தண்ணிய வடிகட்டித் திருப்பியும் விடறாங்க, என் தண்ணி மேல போனது போக மிச்சம் தான் மண்ணுக்குள்ள எறங்குது. பயிரு சோறு போடுது, பார்க்கு போடாது, அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனாலும் தண்ணி பார்க்குன்னாலே தண்ணியக் கொள்ளையடிக்கறாங்கன்னு டவுன்காரங்க எழுதறதப் படிக்கறப்ப, மொதல்ல என் வாய்க்காலத்தான் திட்டோணும்னு தோணுது. சொட்டுநீருக்கு மாறி ஆறு வருசம் ஆச்சு. அதுக்கு முன்னால வீணாக்கினதுக்குக் கணக்கே இல்லை.

சறுக்குக்கு வருவோம். மேல ஏற படியே மூணு மாடி இருக்கும், மூட்டு வலி சொல்லி மாளாது. டியூப்புல ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும். எடை பாத்து ஜோடி சேக்கறது அந்த விசில் பையன் வேலை. எங்க அஞ்சு பேரையும் ஒரு பார்வை பாத்தான். "நீ, நீ" என்றான். நானும் பங்காளியும். மாப்ள திரும்பி நின்னு சிரிக்கறான். முடியாதுன்னு சொல்லலாம். பின்னால காலேஜ் பசங்க வரிசையா நிக்கறாங்க, எட்டு வருச கேஸ அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? உக்காந்தோம். முன்னால அவன், பின்னால நான். என் கால் ரெண்டும் அவன் அக்குளுக்குள்ள.

தள்ளிவிட்டான் பாருங்க. குழாய்க்குள்ள ஒரே இருட்டு. மொத வளைவுலயே நான் "அய்யோ அம்மா"ன்னு கத்தினேன். அவன் என் கணுக்கால ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுட்டு, "விட்றாதடா, விட்றாதடா"ன்னு கத்தறான். கீழ குளத்துல கவுந்து விழுந்து எந்திரிச்சப்ப அவன் மூக்குல தண்ணி ஏறி இருமறான், நான் முதுகுல தட்டறேன். யோசிச்சுத் தட்டல. கை தானா போச்சு.

மத்தியானச் சோத்துக்கு அப்பறம், மெதுவா சுத்தி வர்ற வாய்க்கால்ல டியூப்ப போட்டுப் படுத்தோம். வானத்தப் பாத்து மல்லாக்கப் படுத்து பகல்ல ஒரு மணி நேரம் சும்மா கெடந்தது எனக்கு நெனவு தெரிஞ்சு அதுதான் மொதல் தடவை. அவன் டியூப்பு என் பக்கம் வந்து முட்டுச்சு.

"நம்ம கெணத்துல என்னடா கெடக்குது?" என்றான்.

"என் பக்கம் முள்ளு வெட்டிப் போட்டிருக்கேன். நீ?"

"நான் எட்டிப் பாத்தே ரெண்டு வருசம் ஆச்சு. அத்திக்கடவு தண்ணி குட்டைக்கு வந்ததுல இருந்து அடியில ஈரம் ஏறியிருக்குன்னு பையன் சொல்றான்."

அவிநாசிக்கு வடக்க எங்க பக்கமெல்லாம் தலைமுறையா கேட்டுக்கிட்டு இருந்த திட்டம் அது. 2024 ஆகஸ்டுல தான் திறந்தாங்க. பவானித் தண்ணிய பம்பு பண்ணி 1,045 குளம் குட்டைக்கு விடறாங்க. குட்டை நெறஞ்சா கெணறு ஊறும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் தனித்தனியா அத நெனச்சிருக்கோம், வாயத் திறக்கல.

கேஸு முடிஞ்சுதான்னு கேட்டா, இல்லீங்க. வேலி அங்கயே தான் நிக்குது. வாய்தாவுக்கு ரெண்டு பேரும் போயிட்டுத்தான் இருக்கோம். கோர்ட்டு வாசல்ல இப்ப டீ சேந்து குடிக்கறோம், வக்கீலுக்கு அது பிடிக்கல. முள்ள எடுத்துட்டேன். அடியில ரெண்டடித் தண்ணி நிக்குது. ஊர்ல பெரியவங்க மூணு தடவ பஞ்சாயத்து பேசினாங்க, எங்கள ஒரு வார்த்தை பேச வைக்க முடியல. வெளையாட்டு வெட்டின்னு சொல்றவங்க இதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு கேக்கத்தான் இத எழுதறேன்.

ஒரு குத்தம் என் மேலயே இருக்குது. ராத்திரி வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அவ கேட்டுட்டே இருந்துட்டு, "ஏனுங்க, நீங்கெல்லாம் சின்னதுலயாவது கெணத்துல குதிச்சீங்க. எங்கள கெணத்து மேட்டுல துணி தொவைக்கத்தான் விட்டாங்க" என்றாள். முப்பது வருசக் குடித்தனத்துல அவளுக்கு நீச்சல் தெரியாதுங்கறது எனக்குத் தெரியும். தெரியணும்னு ஒரு நாளும் தோணினதில்லை. எங்களுக்காவது கூடறதுக்கு எழவுன்னாலும் ஒரு திண்ணை இருக்குது, கூடிப் பேச அவங்களுக்கு நூறு நாள் வேலை நடக்கற எடத்த விட்டா வேற போக்கில்லை. நாங்க அஞ்சு பேரும் கூத்தடிச்ச அன்னைக்கு அஞ்சு வீட்லயும் பாலு கறந்தது யாருன்னு சொல்ல வேண்டியதில்லையே.

இப்ப அவங்க ஆறு பேரு சேந்திருக்காங்க. பங்காளி வீட்டு அம்மிணியும் உண்டு. தை முடிஞ்சு வேன் சொல்லியாச்சு. நைலான் துணி நம்ம அளவுக்குக் கிடைக்குமான்னு போன் போட்டு விசாரிச்சதும் அவங்களே தான். எங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, அன்னைக்கு சாயங்காலம் கறக்கறது யாருன்னு. செவலை என் கைக்கு ஒதைக்கும், நாள் குறிச்சதுல இருந்து பழகிட்டு இருக்கேன்.