சிற்றுரு: விளையாட்டா, வரலாறா?

சிறிய பொருளைச் சிறுமையான பொருளாகக் கருதும் மனப்பாங்கு கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கப்பல், பாலம், கோட்டை, வண்டி ஆகியவற்றின் அளவுகள் அனைத்தையும் ஒரே விகிதத்திற் குறைத்து, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ அமைத்து, மூலப்பொருளின் நிறத்தையும் தேய்மானத்தையும் தூரிகையாற் காட்டும் முயற்சி அத்தகைய புறக்கணிப்புக்கு ஆளானவற்றுள் ஒன்று. அளவு மாதிரியுரு அமைத்தல் எனப்படும் இக்கலை பிற நாடுகளில் முதியோரும் அறிஞரும் ஈடுபடும் பொழுதுபோக்காக விளங்குகின்றது. தமிழ்ச் சூழலிலோ அது பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவத்தோடு முடிந்துவிடவேண்டிய ஒன்றாகவே எண்ணப்படுகின்றது. வளர்ந்த ஒருவன் கையளவு தோணியொன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தால் அவனுக்கு வேறு வேலையில்லை என்று ஊர் முடிவுகட்டிவிடும். இம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தைப் போல் உணர்த்தக்க இடம் பிறிதொன்று இல்லை எனலாம்.

1942 ஏப்பிரல் 9ஆம் நாள், பிரித்தானியக் கடற்படையின் ஹெர்மிஸ் என்னும் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காகி மூழ்கியது. 307 பேர் மாண்டனர். விமானந்தாங்கியாகவே திட்டமிடப்பட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற உலகின் முதற் கப்பல் அதுவே. கல்லடிக் கரையிலிருந்து சில கடல் மைல் தொலைவில், 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் அது இன்றும் கிடக்கின்றது. ஏறத்தாழ 183 மீற்றர் நீளமான அக்கப்பலை எழுநூற்றில் ஒரு பங்காகக் குறைத்து, 26 சென்ரிமீற்றர் நீளமுள்ள மாதிரியுருவாக அமைப்பதற்கான உறுப்புத் தொகுதியை யப்பானிய நிறுவனமான அவோஷிமா வெளியிட்டுள்ளது. தாம் ஒருபோதும் காணாத கடலில் மூழ்கிய கப்பலின் பீரங்கி எங்கே நின்றது, இறுதி நாட்களில் அதன் பக்கங்களில் எவ்வகைச் சாம்பல் நிறம் பூசப்பட்டிருந்தது என்றெல்லாம் தூரதேசத்து ஆர்வலர் நுணுகி ஆராய்கின்றனர். அக்கப்பலை மூழ்கடித்த நாட்டிலிருந்தே அதன் சிற்றுருவும் வருகின்றது என்பது நோக்கத்தக்கது. பகைமை மறைந்தபின்னும் பொருளின் அளவும் வடிவமும் பேணத்தக்கன என்ற உணர்வு அங்கே நிலைபெற்றுள்ளது.

அந்நியர் தம் கப்பலை நினைவுகூர்வதிற் குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் உள்ளது. அதே கடலோரத்தில், அதே வாவியில், தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கலங்களின் நீளமும் அகலமும் வளைவும் எவருடைய மேசைமீதும் இல்லை. மூழ்கிய கப்பலின் ஆணிக்கும் கணக்கு உண்டு. மிதந்த தோணியின் பலகைக்குக் கணக்கு இல்லை. இதுவே இங்கு எழுப்பப்படும் வழக்கு.

வாவி மட்டக்களப்பை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பகுத்தது. பகுத்த இரண்டையும் இணைத்தவை தோணிகளும் வள்ளங்களும், மிதவைகளின்மேற் பலகைத் தளம் அமைத்து மாந்தரையும் வாகனங்களையும் ஏற்றிச்சென்ற ‘பாதை’களுமே. மண்முனைத் துறையில் ஓடிய பாதையைப் படுவான்கரை மக்கள் எவரும் மறவார். நெல்லும் பாலும் நோயாளியும் மணமகளும் பாடசாலைப் பிள்ளையும் அதன்மீது கடந்தனர். 2014ஆம் ஆண்டு அங்கே பாலம் திறக்கப்பட்டது. பாதை தன் பணியை முடித்துக்கொண்டது. பாலம் வந்தமை பெருநன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பாதையின் தளம் எத்தனை அடி அகலமுடையது, மிதவைகள் எங்ஙனம் பிணைக்கப்பட்டிருந்தன, பாரம் ஏறும்போது நீர்மட்டம் எதுவரை உயர்ந்தது என்று பிற்காலத்து மாணவன் ஒருவன் வினவினால் விடை கூறவல்ல உருவம் எங்கே? 1924இல் எழுந்த கல்லடியின் பழைய இரும்புப் பாலம், 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரும் அகற்றப்படாது நிற்கின்றது. அது இரும்பாகையால் நின்றது. மரம் அவ்வாறு நில்லாது. கரையில் ஏற்றிக் கைவிடப்பட்ட தோணி சில மாரிகளில் உக்கி மண்ணாகிவிடும்.

“தோணி மாதிரிகள் கடைகளில் நிறைய உண்டே” என்று சிலர் கூறுவர். விழாக்களிலே நினைவுப் பரிசாக வழங்கப்படும் மினுக்குப் பூசிய மரக்கலங்களையே அவர்கள் கருதுகின்றனர். அவை அலங்காரப் பொருள்கள், மாதிரியுருக்கள் அல்ல. பாய் கலத்தைவிடப் பெரிதாயிருக்கும். துடுப்பு மனிதன் பிடிக்கவியலாத பருமனாயிருக்கும். அடிப்பாகம் மேசைமேல் நிற்பதற்காகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு ஒரு தோணியையும் மீளச் செய்ய முடியாது. மீளச் செய்ய உதவாத சிற்றுரு பொம்மையே. அளவு என்ற ஒன்றுதான் பொம்மையையும் மாதிரியுருவையும் வேறுபடுத்துகின்றது.

அளவு புகுந்ததும் விளையாட்டு ஆய்வாகின்றது. கட்டுரை எழுதுவோன் “வாவியிற் சிறிய தோணிகள் வழங்கின” என்று எழுதி அப்பாற் சென்றுவிடலாம். மாதிரியுரு செய்வோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எத்தனை அடி நீளம், பலகை எத்தனை அங்குலத் தடிப்பு, அணியம் எவ்வளவு உயர்ந்தது, அமரம் எவ்வாறு முடிந்தது, வங்குகள் எத்தனை, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்ற ஒவ்வொரு வினாவுக்கும் அவன் விடை கண்டாக வேண்டும். ஒன்று தெரியாவிடினும் கை நின்றுவிடும். சொற்களால் அறியாமையை மூடலாம். மரத்தால் மூடுதல் இயலாது. புகைப்படம் போதாதா என்பார்க்கும் இதுவே விடை. புகைப்படம் கண்ட பக்கத்தையே காட்டும். நீருக்கடியில் மறைந்த பக்கம், பலகைகள் பொருந்திய மூட்டு, உட்புற வளைவு ஆகியவற்றை அது காட்டாது. கலத்தின் குணம் முழுவதும் அந்த மறைந்த பக்கத்திலேதான் உள்ளது.

வண்ணம் பூசுதலையும் இவ்வாறே கொள்ளவேண்டும். புதுமெருகோடு பளபளக்கும் மாதிரியுரு பாதி உண்மையையே கூறும். கீல் பூசப்பட்ட அடிப்பாகத்தின் கருமை, வெயிலில் வெளிறிய விளிம்பு, தாங்குகோல் நாளும் உராய்ந்து தேய்ந்த ஓரம், வலை இழுக்கும் இடத்தில் மழுங்கிய பலகை, பின்னர் ஒட்டப்பட்ட வேறுநிறத் துண்டு ஆகியன அக்கலம் யாரால் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதற்குச் சான்றுகள். தேய்மானத்தை வண்ணத்திற் காட்டுவோன் தொழிலாளியின் உடல் நின்ற இடத்தையும் கை பிடித்த இடத்தையும் பதிவுசெய்கின்றான். தொழிலாளர் வரலாறு எழுதப்படவில்லை எனக் குறைகூறுவோர், அவ்வரலாறு எழுதப்பட்டிருந்த பலகைகள் உக்கிப்போவதைக் கண்டும் வாளாவிருத்தல் முரண்பாடன்றோ?

இனி, வலுவான மறுப்பு ஒன்றுண்டு. வாழ்வாதாரம் இழந்த மீனவனுக்குத் தேவை கலமேயன்றி அதன் பொம்மையன்று என்பர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் நாவலடியையும் கல்லடியையும் கண்டவர் எவரும் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கார். அப்பேரழிவின் பின் உதவியாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் பசி தீர்த்தன. அவற்றைப் பழித்தல் அறமன்று. மரத் தோணிக்கே மீளுமாறு மீனவனுக்கு உபதேசிப்பது அதனினும் அறமன்று. விலையும் பராமரிப்பும் அறிந்தவன் அவனே. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு மறுப்போர் கருதுவதற்கு நேர்மாறானது. மீனவன் தோணியைக் கைவிட உரிமையுடையவன், பல்கலைக்கழகம் அவ்வுரிமையுடையதன்று. பயன்பாட்டிலிருந்து நீங்கும் பொருளின் அறிவைக் காப்பது கற்றோர் கடமை. அக்கடமையை மீனவன் தலையிற் சுமத்துவதும், அவன் வறுமையைக் காட்டித் தாம் கைகழுவுவதும் ஒருங்கே தவறாகும்.

பிறர் இக்கடமையை உணர்ந்துள்ளனர். பிரான்சியக் கடற்படையினரான பாரி என்பார் 19ஆம் நூற்றாண்டிலே உலகைச் சுற்றிவந்தபோது ஐரோப்பியரல்லாத மக்களின் கலங்களை அளந்து வரைந்தார். அப்பயணங்களுள் ஒன்றிலேதான், புதுச்சேரியில் வார்ப்பாலையொன்றைப் பார்வையிடுகையில், இயந்திரத்தில் அகப்பட்டு இடக்கையை இழந்தார். சோழமண்டலக் கரையின் தோணியும் கட்டுமரமும் அவருடைய நூலில் இடம்பெற்றன. பிற்காலத்தில் பாரிஸ் கடற்படை அரும்பொருளகத்துக்குப் பொறுப்பாகி, வரைபடங்களைக் கொண்டு மாதிரியுருக்களையும் அமைப்பித்தார். ஒரு கையிழந்தவர் அந்நியருடைய கலங்களுக்குச் செய்ததை, இரு கையும் உடையோர் தம் கலங்களுக்குச் செய்யாதிருப்பது எவ்வாறு பொருந்தும்?

அத்துணைத் தொலைவுக்குச் செல்லவேண்டியதில்லை. தென்னிலங்கையின் ‘யாத்ரா’ என்னும் பெரிய பாய்க்கலங்களுள் இறுதியானது 1930இல் மாலைதீவுக் கடலில் அழிந்தது. அவ்வகைக் கலத்தின் வடிவத்தை இன்று அறிய உதவும் சான்றுகளுள் ஒன்று தொடந்துவையிலுள்ள விகாரையிற் பேணப்பட்ட மாதிரியுருவே. கலம் மறைந்தது, சிற்றுரு சாட்சி கூறுகின்றது. ஜேர்மானியரான கபிட்டான் இலங்கையின் மரபுக் கலங்களை அளந்து வரைந்த பணி 2009இல் நூலாயிற்று. தென் இலங்கை, மேற்கு இலங்கை என்பன அதன் தலைப்பிலேயே உள்ளன. கிழக்கின் வாவி அவ்வெல்லைக்கு அப்பால் நிற்கின்றது. எல்லைக்கு அப்பாலுள்ளதை அந்நியர் வந்து அளக்கும்வரை காத்திருப்பதா என்பதே கேள்வி.

தமிழ்க் கல்வியுலகம் பிரதேசப் பண்பாட்டை முற்றாகப் புறக்கணித்ததென்று கூறுவதும் நேர்மையன்று. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வெளிவந்தது. நாட்டார் பாடலும் வழக்குச் சொல்லும் ஏடேறின. பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கப்பட்டிருந்த மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். கர்ணன் போரும் இராவணேசனும் கற்றோரின் கண்ணைத் திறந்தன. சொல்லுக்கும் ஆட்டத்துக்கும் கிடைத்த அம்மதிப்பு பொருளுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? பாடலைத் தொகுத்தவர் புலவராகின்றார். பலகையை அளப்பவர் தச்சராகின்றார். தச்சுத் தொழிலைத் தாழ்த்திய சமூக மனப்பான்மையே ஆய்வின் எல்லையையும் வகுத்துவிட்டது என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் வேறு காரணம் புலப்படவில்லை. ஏரா, வங்கு, அணியம், அமரம் என்னும் சொற்களுக்கு அகராதி பொருள் தரும், வளைவைத் தராது. பொருள் மறைந்தபின் சொல் வெறும் ஓசையாகவே எஞ்சும்.

இதற்கு மறுக்கவியலாத சான்று வாவிக்கரையிலேயே உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியைப் பழந்தமிழரின் யாழை மீட்பதற்குச் செலவிட்டார். பாணர் ஏந்திய யாழ் ஒரு காலத்தில் எல்லாரும் அறிந்த கருவி. எல்லாரும் அறிந்திருந்தமையாலேயே அதனை அளந்து வைக்க வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. கருவி மறைந்தபின் செய்யுளும் உரையும் மட்டும் எஞ்சின. இசையும் கணிதமும் பௌதிகமும் ஒருங்கே கற்ற பேரறிஞர் ஒருவர் அவற்றை வைத்து நெடுங்காலம் உழைக்க நேர்ந்தது. 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ்நூல்’ அரங்கேறியபோது, அவ்வாய்வின்படி செய்யப்பட்ட யாழ்க் கருவிகள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன. ஏட்டோடு அமையாது மரத்திலும் நரம்பிலும் உருவம் காட்டியபோதே ஆய்வு நிறைவெய்தியது. அடிகள் கண்ட வழி இதுவாயின், அவர் பெயரால் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் நிலவும் மண்ணில், உருவம் அமைத்தலைச் சிறுபிள்ளைத்தனம் என எள்ளுவோர் யாரை எள்ளுகின்றனர் என்பதைச் சிந்திக்கவேண்டும்.

செய்யவேண்டியது அரிதன்று. ஒரு தோணி, ஓர் அளவுநாடா, ஒரு மாணவன், ஒரு முதிய ஓடாவி போதும். ஓடாவி வரைபடம் வைத்துத் தொழில் செய்பவரல்லர். அளவுகள் அவர் கண்ணிலும் கையிலும் உள்ளன. அவர் மறைந்தால் அவையும் மறையும். ஆதலின் அவர் அருகில் இருந்து, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, அவர் வாயால் அதன் பெயரைக் கேட்டு எழுதி, மேலும் பக்கமும் முன்னும் எனத் தோற்றங்களை வரைந்துகொள்ளவேண்டும். ஓரடிக்கு ஓரங்குலமாகக் குறைத்தால் இருபதடித் தோணி இருபதங்குலமாகும். ஒரு மேசை போதும். செய்து முடித்ததன் அடியில் விகிதமும் ஆண்டும் துறையின் பெயரும் ஓடாவியின் பெயரும் பொறிக்கப்படல் வேண்டும். பட்டப்படிப்பின் ஆய்வேட்டுக்கு ஒப்பாக அது மதிப்பிடப்படல் வேண்டும். தோணி முடிந்ததும் பாதை, அதன்பின் அத்தாங்கும் கரப்பும் எனத் தொடரலாம். வெளிநாட்டுத் தொகுதிகளை ஒட்டிப் பழகிய இளைஞர் இப்பணிக்குத் தகுதியற்றவர் அல்லர். விகிதத்தின் ஒழுக்கத்தைக் கை அறிந்திருக்கின்றது. அக்கையைத் தம் வாவியின் பக்கம் திருப்புவதே தேவை.

யாழை இழந்த சமூகத்துக்கு ஒரு விபுலாநந்தர் வாய்த்தார். தோணியையும் இழந்துவிட்டு இன்னொருவருக்காகக் காத்திருப்பது அறிவுடைமையன்று. அளக்கத்தக்க தோணி இன்னும் கரையில் உண்டு. சொல்லத்தக்க ஓடாவி இன்னும் ஊரில் உண்டு. இரண்டும் உள்ளபோதே உளியை எடுக்கவேண்டும்.