பலகைக்கணினியில் பள்ளியும் பல்லியும்

தமிழர் இல்லங்களில் அடுக்களை முதல் படுக்கை வரை பலகைக்கணினி வந்தமர்ந்துவிட்டது. சமையற்குறிப்பும் அதில், பிள்ளையின் கல்வியும் அதில், அயல்நாட்டு மகனோடு தாய் முகம் பார்த்துப் பேசுவதும் அதில். கருவி வந்தது குற்றமன்று. வந்த கருவிக்குத் தமிழன் தன் எழுத்தைக் காவு கொடுத்தானே, அதுவே குற்றம்!

மகன் தாய்க்கு விடுக்கும் செய்தி தமிழ், எழுத்தோ ஆங்கிலம்! அவ்வெழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. அறமும் அரமும் ஒன்று! அறத்திற்கும் அரத்திற்கும் வேறுபாடறியாத் தலைமுறையை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதோ?

கருவியில் தமிழுக்கு இடமில்லையா? 1991-இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. 1999-இல் சென்னை மாநாட்டின் வழியாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. 12 உயிருக்கும் 18 மெய்க்கும் ஒவ்வொரு விசை. அவற்றின் கூட்டிலேயே 216 உயிர்மெய்யும் பிறக்கும். இன்று கைக்கருவிகளிலும் அது கிடைக்கிறது. பயின்றால் விரல் பழகிவிடும். ஆக, கருவியில் தமிழ் இருக்கிறது. தமிழனிடத்தில்தான் மானம் இல்லை!

இன்றே ஒவ்வொரு தமிழ்வீட்டுக் கருவியிலும் தமிழ் விசைப்பலகை இயங்கட்டும். பிள்ளை எழுதும் முதற்சொல் ‘அம்மா’ என்று தமிழெழுத்திலேயே ஒளிரட்டும். வீட்டுக்குள் தோற்ற எழுத்தை எந்தச் சட்டமும் நாட்டில் வாழ வைக்காது!